நம் ஊர் இருப்புப்பாதையும் நம் மக்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் புகைவண்டிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் பூட்டன்மார் பண்ணையை விட்டு வெளியேறிய வழி எது? அவர்கள் முதன்முதலாகக் கூலியைக் காசாகக் கண்ட இடங்களுக்கு அவர்களைக் கொண்டு சேர்த்தது எது? இன்று நம் பெண்மக்கள் கல்லூரிக்குச் சென்று வருவது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால் வாணியம்பாடி நிலையத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அந்நிலையத்திற்கு அந்நாளில் ஆற்காடு என்று பெயர். இருப்புப்பாதை வந்த பின்னர், நெசவிலும் வணிகத்திலும் ஓங்கியிருந்த வாலாஜாபேட்டை தளர்ந்து, வண்டி நின்ற ஊர்கள் வளர்ந்தன. பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியே மேற்கு நோக்கி நீண்டு, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கடந்து 1860இல் திருப்பத்தூரையும், 1861இல் சேலத்தையும் அடைந்தது. 1862இல் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் வரை கடலுக்குக் கடல் பாதை முற்றுப்பெற்றது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது.

இப்பாதையின் தொடக்கக் காலத்தில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர் ஜார்ஜ் பார்க்ளே புரூஸ் என்னும் ஆங்கிலேயர். கட்டாய வேலையைத் தவிர்த்து, விரும்பி வந்த கூலியாட்களைக் கொண்டே பாதை அமைத்தார் என்பதை அவருடைய சிறப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. மண் சுமந்தோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும், இந்நாட்டில் அடிமைமுறைக்குச் சட்டத்தில் இருந்த இடம் 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டத்தால் நீங்கியது; பதின்மூன்று ஆண்டுகளுக்குள் நம் பக்கத்தில் வண்டி ஓடிற்று என்பதை இணைத்துப் பார்க்க வேண்டும். ஏட்டில் விடுதலை பெற்றவன் பண்ணையார் களத்தைத் தாண்டிப் போக வழியில்லாமல் இருந்தான். அவன் போவதற்கு ஒரு வழியை, அவனை எண்ணாமலே, கம்பெனியார் திறந்துவிட்டார்கள்.

போன இடங்களுள் நம் மாவட்டத்து மக்கள் நெஞ்சில் நிற்பது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே முறையாகச் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். 1894இல், அந்நாளில் பௌரிங்பேட்டை என்று வழங்கிய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 10 மைல் நீளக் கிளைப்பாதை போடப்பட்டது. ஜோலார்பேட்டையில் வண்டி ஏறிக் குப்பம் வழியாகப் பங்காருப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டி பிடித்தால் சுரங்கத்தின் வாயிலிலேயே போய் இறங்கலாம். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இவ்வழியே சென்றனர். நிலத்தின் அடியில் இறங்கிப் பாறையைப் பிளந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் மக்களே.

அவ்வாழ்க்கையை நாம் இனிப்பாகச் சொல்ல விரும்பவில்லை. மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீடுகளில் குடியிருப்பு, நிலத்தடியில் வெப்பம், பாறை வெடித்து விழுந்து மாண்டோர் பலர், கல்தூளை மூச்சில் இழுத்து நெஞ்சு கெட்டு இருமியே மாண்டோர் அவரினும் பலர். ஆயினும் அங்கே கூலி காசாக வந்தது. மாலையில் வேலை முடிந்தபின் எந்த ஆண்டையும் வந்து கூப்பிடவில்லை. அந்த மாலைப்பொழுதுகளில் நம் முன்னோர் செய்த செயல்களே நமக்கு வியப்பூட்டுகின்றன.

பண்டித அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ என்று பெயர் பெற்றது. அவ்வேட்டைப் பேரார்வத்துடன் படித்தவர்களும், அவருடைய பௌத்த சங்கத்திற்கு உறுதியான கிளையாக நின்றவர்களும் மாரிக்குப்பத்துத் தொழிலாளர்கள். திருப்பத்தூரிலும் கிளை இருந்தது. அங்கே பெரியசாமிப் புலவர் தொண்டாற்றினார். சென்னை, திருப்பத்தூர், மாரிக்குப்பம் என்னும் இம்மூன்று ஊர்களையும் ஒரு தாளில் குறித்துக் கோடு இழுத்துப் பாருங்கள். அது அப்படியே இருப்புப்பாதையின் படமாக இருக்கும். 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னாளில், 1926 முதல், தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ ஏட்டை மீண்டும் நடத்தினார். சுரங்கத்தில் இறங்கிய மக்கள் ஓர் ஏட்டை வெளியிட்டுத் தாங்கினார்கள். 1930இல் தொழிலாளரைக் குற்றவாளிகள்போல் கைரேகை வைக்கச் சொன்னபோது, ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் நின்றவர்களும் இவர்களே.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று ஓர் ஊரே திக்கற்று நின்றது. அவ்வூரை இன்றும் வாழவைப்பது அதே மாரிக்குப்பம் கிளைப்பாதையே. நாள்தோறும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். தங்கத்தை எடுத்துச் செல்லப் போட்ட பாதை, தங்கம் தீர்ந்த பின்னும் தொழிலாளிக்குப் பயன்படுகிறது.

புகைவண்டியைப் பற்றிப் பெரியோர் சொன்ன இரண்டு கருத்துகளை இங்கே எண்ணிப் பார்க்கலாம். காரல் மார்க்சு 1853இல், இந்தியாவில் இருப்புப்பாதை போடப்பட்டால் அதைத் தொடர்ந்து புதுத் தொழில்கள் வரும். பரம்பரைத் தொழிற்பிரிவு கரையும். அதன்மேல் நிற்கும் சாதியும் கரையும் என்ற கருத்துப்பட எழுதினார். காந்தியடிகளோ 1909இல் எழுதிய ‘இந்து சுயராச்சியம்’ நூலில் இருப்புப்பாதையைக் கடிந்தார். நோயையும் பஞ்சத்தையும் தீயோரையும் அது பரப்புகிறது என்றார். ஊர் நடுவே வீடு உள்ளவர்க்கு ஊரைவிட்டுப் போவது இழப்பாகத் தோன்றலாம். ஊருக்குப் புறத்தே வைக்கப்பட்டவனுக்கு அப்படித் தோன்றாது. மார்க்சின் கூற்றும் பாதியளவே பலித்தது. வண்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், நிலையத்தில் இறங்கியதும் அவரவர் தெருவுக்குப் போய்விட்டார்கள்.

இதை நமக்குத் தெளிவாகக் காட்டுவது அண்ணல் அம்பேத்கரின் இளமை வாழ்வில் நடந்த நிகழ்ச்சி. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் தம் நினைவுக் குறிப்பில் அவரே இதனைப் பதிந்துள்ளார். 1901இல், ஒன்பது வயதுச் சிறுவராக, தமையனோடும் தமக்கையின் பிள்ளைகளோடும் தந்தையைக் காணச் சாத்தாராவிலிருந்து புறப்பட்டார். புத்தாடை அணிந்த பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வண்டியேறி மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நிலைய அதிகாரி அன்போடு வினவினார். மகர் குலத்துப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறி விலகிப் போனார். மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்ற முன்வரவில்லை. இறுதியில் ஒருவர் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவர் அருகே நடந்து வந்தார். இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பிள்ளைகள் தவித்தனர். 1929இல், கற்றுத் தேர்ந்த வழக்கறிஞராக அவர் சாலிஸ்காவ் நிலையத்தில் இறங்கியபோதும் குதிரை வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். வண்டியோட்டிப் பழகாத ஒருவர் ஓட்ட நேர்ந்து, அண்ணல் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தது.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் புகைவண்டிக்குள் துன்பம் நேரவில்லை என்பதைக் கவனியுங்கள். பயணச்சீட்டு சாதி கேட்பதில்லை. நிலையத்தின் வாயிலைக் கடந்த அந்தக் கடைசிச் சில மைல்களிலேதான் சாதி காத்து நின்றது. ஆயினும் நிலையங்களும் தூயவை அல்ல. நம் நாட்டு நிலையங்களில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று உணவுவிடுதிகளைப் பிரித்து வைத்திருந்தனர். தந்தை பெரியாரும் அவர்தம் இயக்கத்தாரும் நெடுநாள் எதிர்த்த பின்னர், 1941ஆம் ஆண்டில் அப்பிரிவினை நீக்கப்பட்டது. ‘மற்றவர்’ இடத்தில் நம்மை எந்த அளவுக்கு உட்காரவிட்டார்கள் என்பது வேறு கதை.

இனித் தோல் தொழில். இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் கைகளில் அதன் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பச்சைத்தோல் உள்ளே வரவும், பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுக்கும் துறைமுகத்துக்கும் போகவும் இருப்புப்பாதை உதவியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரம் உலகச் சந்தையில் பெயர் பெற்றதற்கு ஆற்று நீரும் ஆவாரம்பட்டையும் முதலாளிமாரின் வணிகத் திறனும் காரணம் என்பர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற கால்களையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்றுக்கு நேர்ந்த கேட்டைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியதை நீங்கள் அறிவீர்கள். 2019ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் முதல், சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்க்க, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு முறைக்கு ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் காவிரி நீரை ஏற்றிக்கொண்டு வண்டிகள் ஓடின. வறண்ட பாலாற்றை ஒட்டி, நம் நிலையத்தைத் தாண்டித்தான் அந்நீர் போயிற்று. பார்த்துக்கொண்டு நின்றோம்.

போட்ட பாதைகளைச் சொன்னோம்; பிடுங்கிய பாதையையும் சொல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தானியம் ஓரிடத்தில் இருக்க, மக்கள் வேறிடத்தில் மாண்டனர். அதன் பின்னர், பஞ்சம் வரக்கூடிய பகுதிகளுக்குக் காப்புப் பாதைகள் வேண்டும் என்ற கொள்கை பிறந்தது. அதன்படி 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 25 மைல் தொலைவுக்குக் குறுகிய பாதை போடப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி 6 அங்குலமே அகலம். நம் பெரும்பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம் என்பதை எண்ணினால் அதன் சிறுமை விளங்கும். 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இவ்வாறே இன்னொரு பாதை வந்து, 1913இல் ஓசூர் வரை நீண்டது. வருவாய் போதவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும், 1941இல் இவற்றை மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டனர். ஏழை மக்களின் சோற்றுக்காகப் போட்ட பாதைகளே முதலில் பிடுங்கப்பட்டன என்பது தற்செயலா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அந்நகருக்கு இன்றும் புகைவண்டி இல்லை. மொரப்பூர் தருமபுரிப் பாதையை மீண்டும் அமைக்க 2019ஆம் ஆண்டு மார்ச்சில் அடிக்கல் நாட்டினர். பிடுங்கிய வேகம் போடுவதில் இருப்பதில்லை.

அதே வேளையில், விழுப்புரத்திலிருந்து வேலூர் வழியாகக் காட்பாடிக்கு வரும் பழைய மீட்டர் பாதை அகலப் பாதையாக்கப்பட்டுவிட்டது. திருவண்ணாமலை மக்களுக்கு அது பேருதவி.

இளைஞர்களே, இனிச் சொல்வது முதன்மையாக உங்களுக்கு. தென்னக இரயில்வே 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் உருவாக்கப்பட்டது. அண்ணலின் பிறந்தநாளும் அதுவே. திட்டமிட்டுச் செய்ததாக நாம் கருதவில்லை, ஆயினும் நினைவில் வைக்க எளிது. ஒடுக்கப்பட்டோரின் வேலை உரிமை பற்றிய ஒரு பெரும் வழக்கு இந்த இரயில்வேயிலிருந்தே எழுந்தது. 1959இல் இரயில்வே வாரியம் பதவி உயர்விலும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு வழங்கி ஆணையிட்டது. அதனை எதிர்த்து ஓர் ஊழியர் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தென்னக இரயில்வே பொது மேலாளர் எதிர் ரங்காச்சாரி என்ற அவ்வழக்கில், 1961இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளுள் மூவர், பதவி உயர்விலும் இடஒதுக்கீடு செல்லும் என்றனர். இருவர் மறுத்தனர். ஒரே ஒரு நீதிபதியின் கருத்து மாறியிருந்தால் எத்தனை குடும்பங்களின் கதை மாறியிருக்கும்! 1992இல் மண்டல் வழக்கில் அக்கருத்தை நீதிமன்றம் கைவிட்டது. 1995இல் 77ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வாயிலாக நாடாளுமன்றம் அவ்வுரிமையைத் திரும்ப நிலைநாட்டியது. உரிமை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டும் நகையன்று என்பதற்கு இவ்வழக்கின் போக்கே சான்று.

இரயில்வே நமக்கு வேலை கொடுத்தது என்று பெருமைப்படும்போது, எந்த வேலை என்றும் கேட்க வேண்டும். வண்டிக் கழிப்பறையின் கழிவு தண்டவாளத்தில் விழுவதே நூறாண்டுக்கும் மேலாக முறையாக இருந்தது. அதைக் கையால் அள்ளித் துடைத்தவர்கள் யார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் மற்றொரு சட்டம் வந்தன. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இவ்வேலையை ஒழிக்க இரயில்வே காலவரையறை வகுக்க வேண்டும் என்று கூறியது. 2019ஆம் ஆண்டளவில் பயணிகள் பெட்டிகளில் கழிவைத் தொட்டியிலேயே தேக்கிச் சிதைக்கும் கழிப்பறைகள் பொருத்தப்பட்டன. நல்லதே. எனினும் தூய்மைப் பணி ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது. ஒப்பந்த வேலையில் இடஒதுக்கீடு இல்லை, ஓய்வூதியம் இல்லை. துடைப்பம் மட்டும் பழைய கைகளிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் வண்டியை ஓட்ட வேண்டும், சமிக்ஞையைப் பழுதுபார்க்க வேண்டும், நிலைய அதிகாரியின் நாற்காலியில் அமர வேண்டும். மசூர் நிலையத்துச் சிறுவனுக்கு அந்நாற்காலியோடு ஒரு கணக்கு இருக்கிறது.

இந்த வேலைகளுக்கு வழி மறைவானதன்று. இரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் தேர்வுகளில் பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. வினாத்தாளைத் தமிழிலேயே பெறலாம். தேர்வு மையம் வெளியூரில் அமைந்தால் நம் மாணவர்க்கு இரண்டாம் வகுப்பில் கட்டணமில்லாப் பயண அனுமதி கிடைக்கும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டுப் பெற வேண்டும். பலர் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுகின்றனர். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தோர் இரயில்வே பணிமனைகளில் பழகுநராகச் சேர்ந்து முடித்தால், கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு அத்தகையோர்க்கென வைக்கப்பட்டுள்ளது. வாணியம்பாடியில் வண்டியேறினால் பெரம்பூர் பணிமனை நான்கு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது.

இறுதியாக நம் சிறு நிலையங்கள். காவனூர், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், விண்ணமங்கலம், கேத்தாண்டப்பட்டி ஆகியவை விரைவு வண்டிக்காரர்களுக்குச் சாளரத்தில் ஓடி மறையும் பெயர்ப்பலகைகள். நமக்கு அவை சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் வாசல். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றினால் வண்டிகள் அனைத்தும் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, ஒவ்வொரு நிலையத்திலும் நின்று செல்லும் அதே வண்டிக்கு விரைவு வண்டி என்று பெயர் சூட்டி, 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினர். விரைவு கூடவில்லை, கட்டணம் மட்டும் கூடிற்று. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் பழைய 10 ரூபாய் திரும்பியது. அவ்விடைக் காலத்தில் நாள்தோறும் கூலிக்குச் சென்று வந்த ஒரு தாய் எத்தனை ரூபாய் மிகுதியாகக் கொடுத்தாள் என்பதை நம் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம், நல்ல பயிற்சி.

மேற்படிப்புக்கு வழியில்லை என்று பிள்ளைகளை நிறுத்திவிடும் பெற்றோர்க்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். வாணியம்பாடியில் 1919 முதல் இசுலாமியக் கல்லூரி இருக்கிறது. திருப்பத்தூரில் 1951 முதல் தூய நெஞ்சக் கல்லூரி இருக்கிறது. குடியாத்தத்திலும் வேலூரிலும் அரசு கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாம் இந்தப் பாதையை ஒட்டியவை, அல்லது காட்பாடியில் இறங்கிச் சேரத்தக்கவை. வீட்டிற்கும் கல்வி நிலையத்திற்கும் இடையே சென்று வரப் பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், ஆண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் இரண்டாம் வகுப்பு மாதப் பயணச்சீட்டு கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்க்கு மாதச் சீட்டில் 75 விழுக்காடு சலுகை உண்டு. மாதச் சீட்டு 150 கிலோமீட்டர் வரை செல்லும். காட்பாடியோ அதில் பாதித் தொலைவுகூட இல்லை. தலைமையாசிரியரோ கல்லூரி முதல்வரோ கையொப்பமிட்ட சலுகைப் படிவமும் சாதிச் சான்றிதழும் கொண்டுசென்று நிலையத்துப் பயணச்சீட்டு அலுவலகத்தில் கேட்க வேண்டும். படிவத்தை நிரப்ப உதவி வேண்டுவோர் மாலை வேளையில் நம் சங்க வாசகசாலைக்கு வரலாம்; சான்றிதழை மட்டும் மறவாமல் எடுத்து வாருங்கள்.